பாலத்து ஏற்றத்தில் நிற்கும் வண்டி

பம்பரத்துக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்த வாத்தியாரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஒரு பாடவேளை முழுக்க பெஞ்சில் உட்கார முடியாத பையனை அந்த வாத்தியாரும் ஒருநாள் எரிச்சலில் 'பம்பரம்' என்றார். வகுப்பு சிரித்தது. அன்றோடு பழைய பெயருக்கு வேலை போய்விட்டது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்கிறவன் அவன். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் அந்த நாற்காலியின் திருகாணியை இறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். தன் கல்யாணத்தன்றே மின்விசிறி கிரீச்சிடுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறிவிட்டான். மாப்பிள்ளையைக் காணோம் என்று ஆளாளுக்குத் தேட, அவன் உச்சியில் நின்று வாயில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டிருந்தான். பெண்ணின் அண்ணன் கீழே நின்று, "மாப்ள, இறங்கி வந்து முதல்ல கல்யாணத்தைப் பண்ணிக்கோங்க, ஃபேன் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவனுக்கு மொபெட் மெக்கானிக் வேலை அமைந்தது நல்லதாய்ப் போயிற்று. டயர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவன் பட்டறை. சுவரெல்லாம் ஆணி, ஆணியிலெல்லாம் சங்கிலியும் பெல்ட்டும் கேபிளும். பெடல் வைத்த பழைய மொபெட் என்றால் அவனுக்கு உயிர். உதிரிபாகம் கிடைக்காது என்று ஊரே கைவிரித்த வண்டிகளை உருட்டிக்கொண்டு வந்து, இரண்டு செத்த வண்டிகளிலிருந்து ஒரு உயிருள்ள வண்டியைச் செய்துவிடுவான். காலையில் விட்ட வண்டியை மத்தியானம் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி எதனால் நின்றது என்று நின்று பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். டேங்க்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பான், தீப்பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றித் துடைப்பான், பொறிக்கான பாயின்ட்டைத் தேய்ப்பான், பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரை ஊதுவான், எல்லாம் ஒரே மூச்சில். வண்டி கிளம்பிவிடும். எது சரியானதால் கிளம்பியது என்று யாராவது கேட்டால், "ஓடுதா இல்லையா? அப்புறம் என்ன கேள்வி?" என்பான். பெரும்பாலும் ஓடத்தான் செய்தது. அதனால் அவனைத் திருத்த யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

அவன் மனைவி அவனுக்கு நேர் எதிர். ஒரு துணியை மடித்தால் நான்கு மூலையும் சேரும்வரை அவசரப்பட மாட்டாள். ஒரே மகன் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். வீட்டில் வேலை குறைந்ததும் அவள் ஆற்றுக்கு அப்பாலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அவளுக்கு விடிந்ததும் தொடங்கும் முறை. வெளுத்து, கொதிநீராவியில் காட்டி, மடித்த துணிகள் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே முதல் ஆபரேஷன் தொடங்கும். அவளுடைய அண்ணன் அந்த வழித்தடத்தில் பஸ் ஓட்டுபவன்தான், ஆனாலும் அவனுடைய முதல் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆஸ்பத்திரியைத் தொடும்போது அவளுடைய வேலை தொடங்கிவிட்டிருக்கும். அதனால் பம்பரம் அவளுக்காக ஒரு மொபெட் செய்தான்.

அதை அவன் ஆசையாகச் செய்தான், அதை மறுக்க முடியாது. பழைய இரும்புக் கடையில் குப்புறக் கிடந்த வண்டி அது, அவர்கள் கல்யாணத்துக்கும் முந்தியது. இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் வளையம் மாற்றி, சக்கரத்துக்குக் கம்பி கட்டி, துருவை உரசித் தள்ளி, நல்ல நீலப் பெயிண்ட் அடித்தான். முதல் பூச்சு காய வேண்டும், அப்புறம் இரண்டாம் பூச்சு. காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவனால் முடியுமா? பிரஷ் கையில் இருந்தது, டப்பாவில் மிச்சம் இருந்தது, கண்ணில் பட்டதற்கெல்லாம் நீலம் ஏறியது. பக்கத்துத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "நல்லவேளை நான் நடந்துக்கிட்டே இருக்கேன். நின்னிருந்தா எனக்கும் ரெண்டு கோட்டிங் குடுத்திருப்பே" என்றார். பாவம், அவள் அந்த வண்டியைப் பார்த்ததும் அசந்துபோனாள். ஹேண்டில்பாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தொல்லை பாலத்தில் தொடங்கியது. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து நீளமான ஏற்றம். அதில் பாதி ஏறும்போது வண்டியின் இழுவை குறையும். இன்ஜின் இருமும், திணறும், பிறகு அணையும். அவள் ஓரம் கட்டி நிறுத்திப் பெடலை மிதிப்பாள். ஒரு நொடி பிடிக்கும், மறுநொடி அணையும். கெண்டைக்கால் நரம்பு இழுக்கும்வரை மிதித்துவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் வண்டியைப் பூட்டிவிட்டு, பின்னால் வரும் அண்ணனின் பஸ்ஸில் ஏறிப் போவாள். அங்கே நேரம் தவறி நுழைகிறவளை மேற்பார்வை அம்மா திட்ட மாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். இவளுக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மத்தியானம் பம்பரம் மாற்றுச் சாவியோடு பாலத்துக்கு நடந்து போவான். டேங்க் மூடியைத் திறப்பான், பெட்ரோல் தளும்பும். மூடுவான். பிளக்கைத் துடைத்து மாட்டுவான். ஒரே மிதி. வண்டி குருவி மாதிரிக் கிளம்பிவிடும். சில சமயம் அவன் ஓட்டும்போதும் அதே ஏற்றத்தில் நிற்கும், அப்போதும் அதே மூடி, அதே பிளக், அதே ஒரு மிதி. அவனிடம் அது ஒருபோதும் தகராறு செய்ததில்லை. ஆக, வண்டியில் ஒன்றுமில்லை என்று அவன் தீர்மானித்தான். வண்டியில் ஒன்றுமில்லை என்றால் கோளாறு வேறெங்கே இருக்கும்?

"உனக்கு ஓட்டத் தெரியல. ஏத்தத்துக்கு முன்னாடியே வேகம் எடுக்கணும். நீ சும்மா பூ பறிக்கப் போற மாதிரிப் போற."

"வேகமாத்தான் போறேன். நடுவுல செத்துப் போகுதுங்க."

"என்கிட்ட நின்னாலும் ஒரே மிதியில கிளம்பிடுதே?"

அவனிடம் ஓடுவதையும் தன்னிடம் நிற்பதையும் அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். பிளக்கைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தான். ஆனால் வேலைக்குப் போகும் வழியில் அவள் இன்ஜின் பக்கமோ டேங்க் பக்கமோ கையை வைக்க மாட்டாள். கையில் பெட்ரோல் வாசம் ஏறினால் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, வெளுத்த துணியில் அந்த வாசம் பட்டால் மொத்தக் கட்டும் திரும்ப அண்டாவுக்குள் போகும். சலவைக்கூடத்தில் அது பெரிய குற்றம். அதைச் சொன்னால் பம்பரம், "சாக்கு" என்றான்.

சொன்னதோடு விட்டானா? தையல்காரரிடம் சொன்னான். டயர் கடைக்காரரிடம் சொன்னான். பஸ் ஓட்டும் மச்சானிடமும், "உங்க தங்கச்சிக்கு பஸ்தான் சரி மச்சான், வண்டியெல்லாம் ஒத்து வராது" என்று சொல்லிச் சிரித்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயும் சும்மா இருக்காத ஆள், அவ்வளவுதான். ஆனால் தெருவில் பேச்சு தனக்கென்று கால் முளைத்து நடந்தது. ஒருநாள் அவள் கடைக்குப் போனபோது டயர் கடைக்காரர், "என்னம்மா, இன்னைக்கு நீங்க வண்டியை ஓட்டினீங்களா, வண்டி உங்களை ஓட்டிச்சா?" என்று கேட்டார். அவள் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அப்படியே நின்றாள். தன் கைக்குத்தான் ராசியில்லை என்று அவளே நம்பத் தொடங்கியது அன்றிலிருந்துதான். பாலம் தெரிய ஆரம்பித்தாலே உள்ளங்கை வேர்க்கும்.

இதற்கிடையில் பம்பரம் வண்டியை விட்டபாடில்லை. ஓட்டத் தெரியாதவளுக்கும் ஓடுகிற மாதிரி வண்டியைச் செய்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி. ஏற்றத்தில் இழுவை போகிறதென்றால் சக்கரத்துக்குப் போகிற வழியில்தான் கோளாறு என்று பெல்ட்டை மாற்றினான். கிளட்சைத் திறந்து தேய்ந்த பட்டைகளை எடுத்துவிட்டு வேறு பட்டைகள் ஒட்டினான். சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்தான், மறுநாள் கூட்டினான். சைலன்சரைக் கழற்றி உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டினான். பொறியைத் திடமாக்கும் கண்டன்சரை மாற்றினான். மாற்றிய கையோடு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பான். பட்டறையில் அதற்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. டேங்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆணியில் ஒரு பழைய குளுக்கோஸ் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டி, அதிலிருந்து குழாய் வழியாக இன்ஜினுக்குப் பெட்ரோல் விடுவான். நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரிதான். அந்தப் பாட்டிலில் வண்டி நாள் முழுக்க ஓடும். தையல்காரர் காதைப் பொத்திக்கொண்டு வந்து கெஞ்சும்வரை ஓடும். மறுநாள் டேங்க்கை மாட்டி அவளிடம் கொடுத்தால் பாலத்தில் நிற்கும்.

அவனுக்குத் தூக்கம் கெட்டது. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்தான். இதுவரை எந்த வண்டியும் அவனை இப்படி ஆட்டி வைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரி விடுதியில ஒரு கட்டில் காலியாம். ராத்திரி அங்கயே தங்கிக்கலாம்னு மேற்பார்வை அம்மா சொல்றாங்க. லீவு நாளுக்கு மட்டும் வீட்டுக்கு வரலாம். திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

அவன் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. "எதுக்கு?"

"எதுக்கா? இன்னும் எத்தனை நாள் அந்தம்மா தலையை ஆட்டுறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறது? வேலை போயிடும்."

"வண்டியைச் சரி பண்ணிடறேன்."

"வண்டியில ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நாள் முழுக்கச் சுற்றுகிறவன் ஓய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவான். அன்று வந்த வண்டிகளைப் பற்றி அவன் பேசுவான், அவள் 'ம்' கொட்டுவாள், அரைத்தூக்கம் வரும். அவள் இல்லாத வீட்டில் அவன் என்ன செய்வான்? கொக்கிகளையும் கீல்களையும் எத்தனை தடவை சரிசெய்வது? போகாதே என்று சொல்ல வாய் வந்தது. வெளியே வந்ததோ, "சரி, உன் இஷ்டம்" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பட்டறைக்குப் போனான். மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தான், மாட்டினான். ஸ்டாண்டில் ஏற்றிப் பாட்டிலில் ஓடவிட்டான். பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, சங்கிலியில் அழுக்கு தெரிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுத் துடைக்க வேண்டும் என்று அவனே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். அணைக்கப் பொறுமை இல்லை. துணியைக் கொண்டுபோய் ஓடும் சங்கிலியில் வைத்தான். பல்சக்கரம் துணியை இழுத்தது, துணியோடு விரலையும் இழுத்தது. தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்து துணியை வெட்டிவிட்டிருக்காவிட்டால் விரல் போயிருக்கும். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நகமும் சதையும் நைந்து, வலது கை முழுவதும் கட்டோடு வீடு வந்தான். அவள் திட்டவில்லை. கட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"கையில இப்படி ஆயிருக்கு, நீ பாட்டுக்குப் பை கட்டறே?"

"நாளைக்கு நான் வண்டியிலதான் போகப் போறேன். நீங்களும் பின்னாடி உட்கார்ந்து வாங்க. நிக்காம போயிட்டா இந்தப் பையைத் திருப்பி எடுத்துக்கிட்டு வரலாம். நின்னா, பை விடுதியில இறங்கும். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை இருள் பிரியும் நேரத்தில் கிளம்பினார்கள். முந்தின நாளே அவள் தையல்காரரைக் கொண்டு டேங்க்கை மாட்ட வைத்து, நிரப்பியிருந்தாள். அவன் கேரியரில், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மடியில் அவளுடைய பையோடு. பயணம் முழுக்க அவன் காது இன்ஜினில்தான். இடது பக்கம் சாய்ந்து கேட்டான், வலது பக்கம் சாய்ந்து கேட்டான். "சங்கிலி ஏதோ சத்தம் போடுது." "இப்ப கொஞ்சம் முறுக்கு." "இல்ல, விடு, விடு."

"கொஞ்சம் ஆடாம உட்காருங்க. ஹேண்டில் அலையுது."

ஏற்றம் தொடங்கியது. பாதி தூரத்தில் இன்ஜின் ஒரு தடவை இருமியது. அவன் மூச்சைப் பிடித்தான். இரண்டாவது இருமல், பிறகு திணறல். வண்டி அதே கைப்பிடிச் சுவரோரம் போய் அணைந்தது.

அவன் குதித்திறங்கினான். பையைச் சுவரில் வைத்துவிட்டு, "நகரு, நகரு" என்று டேங்க்கைப் பார்க்கப் போனான். அவள் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அவனை அப்படிப் பிடித்து நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"தொடாதீங்க."

"பெட்ரோல் இருக்கான்னு மட்டும் பாக்கறேன்டி..."

"நேத்துதான் ரொப்பினேன். இருக்கு. எதையும் தொடாதீங்க. உங்ககிட்ட இது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட என்ன பண்ணுதுன்னு நீங்க பாத்ததே இல்ல. இன்னைக்கு ஒரு தடவை நின்னு பாருங்க."

அவன் நின்றான். நிற்பது அவ்வளவு கடினமான வேலை என்று அவனுக்கு அதுவரை தெரியாது. இடது கை தானாக நீளும், இழுத்துக்கொள்வான். கால் மாற்றி நின்றான். அவள் பெடலை மிதித்தாள். பிடித்தது, அணைந்தது. மறுபடி மிதித்தாள். பிடிக்கவேயில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது, நெற்றியில் வேர்வை ஓடியது. தெரியாமல் மிதிக்கிறாள் என்று இத்தனை நாளாய்ச் சொல்லி வந்தவன் பார்த்தான்: சரியாகத்தான் மிதிக்கிறாள். அவன் மிதிப்பதைவிட ஒழுங்காக மிதிக்கிறாள்.

கைக்கு வேலை இல்லாததால் கண் வேலை செய்தது. டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் கண்ணாடி மாதிரித் தெளிவானது, அவனே வாங்கி மாட்டியது. அதில் பெட்ரோல் இல்லை. மேலே டேங்க் தளும்ப இருக்கிறது, கீழே குழாய் காலி. உற்றுப் பார்த்தான். மேல் முனையில் ஒரு சொட்டு திரண்டது, தயங்கியது, விழவே மாட்டேன் என்றது.

"இப்ப தொடலாமா?" என்று கேட்டான். அவன் யாரிடமும் இப்படி அனுமதி கேட்டதில்லை. அவள் தலையசைத்தாள்.

பிளக்கைத் தொடவில்லை. கார்புரேட்டரைத் தொடவில்லை. இடது கையால் டேங்க் மூடியை மட்டும் மெல்லத் திருகினான். உஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்த சத்தம் அவளுக்கும் கேட்டது. குழாயில் பெட்ரோல் குபுகுபுவென்று இறங்கியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே காற்றில்லாமல் பெட்ரோல் கீழே இறங்காமல் அங்கேயே நிற்கும். துளை இருந்த இடத்தில் நல்ல பளபளப்பான நீலம், இரண்டு பூச்சு. போதாததற்கு, சொட்டு ஒழுகக் கூடாதென்று மூடிக்கு அடியில் அவன் போட்ட புது ரப்பர் வளையம் காற்றுப் போக இருந்த மிச்ச வழியையும் அடைத்திருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவனிடம் ஏன் ஓடியது? நின்றவுடன் அவன் செய்கிற முதல் வேலை மூடியைத் திறப்பது. திறந்ததும் காற்று போய்விடும், கோளாறும் போய்விடும். பிறகு துடைத்த பிளக்குக்குத்தான் பெயர். பட்டறையில் ஏன் ஓடியது? அங்கே டேங்க்கே கிடையாது, பாட்டில்தான். அவளிடம் ஏன் நின்றது? அவள் வெளுத்த துணிக்குப் பயந்து மூடியைத் தொடாதவள். கிளட்சும் பெல்ட்டும் சங்கிலியும் ஒரு பாவமும் அறியாதவை. விரலும்தான்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் அந்த நேரத்தில் தோன்றியது. குழாயில் அடைப்பு என்றால் அவள் நம்புவாள். அதற்குள் பின்னால் ஹாரன் சத்தம். மச்சானின் பஸ் வந்து நின்றது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மறுபடியுமா? நீ ஏறு தங்கச்சி. பையை இப்படிக் குடு, விடுதியில இறக்கி விட்டுடறேன்." பிறகு பம்பரத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன மாப்ள, வாத்தியாரே கூட வந்தும் பாஸாகலையா?"

பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை அவர்களுக்குக் கொடுத்தவன் அவன்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுக்கப் போனாள்.

"அவ மேல தப்பில்ல மச்சான்" என்றான் பம்பரம். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "மூடித் துளையில பெயிண்ட். நான்தான் அடிச்சேன். கை சும்மா இருக்காம அடிச்சேன். வண்டி நின்னதெல்லாம் என்னால. அவ ஓட்டுறதுல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. அவள் அவனையே பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவன் நினைத்திருந்தால் அது அவன் தப்பு. அவள் கண்ணில் கோபம் நிறைந்து வந்தது.

"மூடியைக் குடுங்க" என்றாள். சீருடையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, விரல் மூடியின் அடிப்பக்கம் படாமல் பிடித்துக்கொண்டு, நீலத்தைக் குத்தினாள். ஒரே குத்தில் போகவில்லை. மறுபடி குத்தினாள். பெயிண்ட் செதிலாக உதிர்ந்து துளை தெரிந்தது. கண்ணருகே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. பிறகு மூடியை மாட்டிவிட்டு, பெடலை ஒரு மிதி மிதித்தாள். கிளம்பியது.

பம்பரம் பையை எடுத்துக்கொண்டு கேரியரில் ஏறப் போனான். பேசிக்கொண்டதன்படி பார்த்தால் வண்டி நின்றுவிட்டது, பை விடுதிக்குத்தான். அதைச் சொல்லவும் பயம், கேட்கவும் பயம்.

"ஏறாதீங்க" என்றாள். அவனுக்கு உயிரே போயிற்று. அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இவரை பஸ்ல ஏத்திக்கோ. பின்னாடி உட்கார்ந்து துள்ளிக்கிட்டே இருக்காரு, என்னால ஓட்ட முடியல. திரும்பி வரும்போது வீட்டுக்கிட்ட இறக்கி விட்டுடு."

"பை?" என்று கேட்டான் பம்பரம்.

"அதுவும் வீட்டுக்குத்தான். அலமாரியில எப்படி இருந்துச்சோ அப்படியே அடுக்கி வைங்க. சாயங்காலம் வந்து பாப்பேன். அப்புறம், தையல்கார அண்ணன்கிட்டயும் டயர்கடைக்காரர்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும். இப்ப சொன்ன மாதிரியே, இவ்வளவு சத்தமா."

சொல்லிவிட்டு முறுக்கினாள். போய்விட்டாள்.

அவன் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது. முன்கண்ணாடி வழியாக நீல வண்டி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ நாளாக அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அவள் ஓட்டி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காலையில் கேரியரில் வந்தபோதும் இன்ஜினைத்தான் கேட்டான், அவளைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். முதுகு ஆடவில்லை. ஏற்றம் கூடுகிற இடத்தில் கொஞ்சம் முறுக்கினாள், உச்சியில் விட்டாள். எதிரே லாரி வந்தபோது பதறாமல் ஓரம் ஒதுங்கி, அது போனதும் சீராக மறுபடி நடுவே வந்தாள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலேயே வேகத்தை அடக்கினாள். அவன் ஓட்டினால் அந்த இறக்கத்தில் இரண்டு தடவையாவது பிரேக் பிடித்திருப்பான்.

"நல்லா ஓட்டறா மச்சான்" என்றான். கண் கலங்கியதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"முதல் நாள்லேருந்தே அப்படித்தான் ஓட்டுது மாப்ள" என்றான் மச்சான், சாலையைப் பார்த்தபடியே. "நான் தினமும் பின்னாடி வர்றவன்."

பம்பரம் பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவள் வளைவில் திரும்பி மறையும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.